கடைசி வண்டிக்கு முதல் தட்டு

வியாழன் இரவு

முட்டைகளை மாவுக்குள் புதைத்துக்கொண்டிருக்கிறேன். அட்டைத் தட்டோடு ஏற்றினால் கல் பாதையில் பாதி நொறுங்கிவிடும். அகலமான டப்பாவில் மாவைக் கொட்டி, முட்டைகளை ஒன்றோடொன்று இடிக்காமல் நிறுத்தி, மேலே மறுபடி மாவால் மூடிவிட வேண்டும். மாவு எப்படியும் ரொட்டிக்குத் தேவை. போன வருடம் 24 முட்டைகள் ஏற்றினேன், 24ம் முழுசாகப் போய்ச் சேர்ந்தன.

இறைச்சியை முந்தாநாளே உறைய வைத்தாயிற்று. ஐஸ் பெட்டியில் அதற்கு அடித்தட்டு. சாறு கசிந்தாலும் வேறு எதன் மேலும் படாது. சின்ன ஐஸ் கட்டிகளை நான் போடுவதில்லை. இரண்டு லிட்டர் பாட்டில்களில் தண்ணீரை உறைய வைத்து அடுக்குகிறேன். கட்டி பெரிதானால் எடைக்கு வெளிப்பரப்பு குறைவு, அதனால் மெதுவாக உருகும். உருகிய பிறகு குடிக்கவும் ஆகும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் உணவு நெடுநேரம் கிடந்தால் கிருமி பெருகும். மூன்று நாளுக்கு மின்சாரமே இல்லாத இடத்துக்குப் போகும்போது இந்த இரண்டு எண்களும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

எங்களுடையது நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்களின் கிளப். மாதம் ஒருநாள் சாலை இல்லாத இடங்களில் ஓட்டப் போவோம். வருடத்தில் ஒரே ஒரு முறை மூன்று நாள். அந்த மூன்று நாளில் ஓட்டுவது கொஞ்சம், சமைப்பதுதான் அதிகம். காட்டில் சமைத்ததுதானே என்று யாரும் எதையும் பொறுத்துக்கொள்வதில்லை. நல்ல உணவகத்தில் மேசைக்கு வரும் பக்குவத்தில் வர வேண்டும். விருந்து முகாம் என்று பெயர். இந்த வருடத்தோடு பன்னிரண்டு. எனக்கு நான்காவது.

நாள்வாரியாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. போன வருடம் முகாமின் பெரிய வார்ப்பிரும்புச் சட்டியைக் காட்டி என் மகள் கேட்டாள்: "இதுக்கு மட்டும் ஏம்ப்பா சங்கிலி?" அந்த மாதிரிச் சட்டிக்கு இரண்டு காதுகளையும் இணைக்கும் வளைந்த கம்பிதான் கைப்பிடி. இதில் கம்பி இல்லை. ஒரு முழச் சங்கிலி, இரண்டு காதிலும் கூரைச் சாமான் கட்டுகிற சின்ன ஷேக்கிள், அதாவது குறுக்கே ஆணி பூட்டும் இரும்பு வளையம். எனக்குப் பதில் தெரியவில்லை. நாலு பேரைக் கேட்டேன், நாலு விதமாகச் சொன்னார்கள். எல்லாமே "முதல் வருஷம்..." என்று தொடங்கி வேறுவேறு இடத்தில் போய் முடிந்தன. ஒன்பது வயதுப் பெண்ணிடம் "தெரியாது" என்று சொல்லிவிட்டு ஒரு வருடம் போய்விட்டது. இந்த முறை விட மாட்டேன்.

வெள்ளி, முதல் நாள்

தார்ச்சாலை முடிகிற இடத்தில் காலை ஆறரைக்குக் கூடினோம். பதினொரு வண்டிகள். முதல் வேலை காற்றை இறக்குவது. சாலையில் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருந்த டயரை 20க்குக் கொண்டுவந்தோம். காற்று குறைந்தால் டயர் அகலமாக விரியும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அதிகமாக நீள்வது முன்னும் பின்னும்தான். தரையைத் தொடும் தடம் நீளமாகிறது, கல்லின் மேல் டயர் கடினமாக மோதாமல் அதன் மேல் படிந்து ஏறுகிறது. பிடிமானம் கூடும், உள்ளே இருப்பவர்களின் முதுகும் பிழைக்கும். முட்டைகளும்தான்.

வரிசையில் முதல் வண்டி தலைவருடையது. கடைசி வண்டி எப்போதும் ஒரே ஒருவருடையது. எல்லோருக்கும் அவர் 'கடைசி வண்டி அண்ணன்'. நடுவில் இருப்பவர்களுக்கு ஒரே விதி: உன் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் நில். நீ நின்றால் உன் முன்னால் போகிறவரும் நிற்பார். அப்படியே வரிசை முழுக்க நின்றுவிடும். வயர்லெஸ் பழுதானாலும் யாரும் தனியாக விடுபட மாட்டார்கள்.

முதல் இறக்கம் செங்குத்து, அதுவும் சரளைக்கல். லோ ரேஞ்சில் போட்டு முதல் கியரில் விட்டுவிட்டு இரண்டு காலையும் எடுத்துவிட்டேன். லோ ரேஞ்ச் சக்கரத்தின் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். சில வண்டிகளில் இரண்டரை மடங்கு, சிலவற்றில் நான்கு மடங்கு. இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். முதல் வருடம் காலை எடுக்க எனக்கு மனசே வரவில்லை. இன்று மகளோடு பேசிக்கொண்டே இறங்கினேன்.

பின்சீட்டுக்குப் பின்னால் கொழுப்பு நிறைந்த பாலேடு ஒரு ஜாடியில் கட்டிவைத்திருந்தது. முக்கால் ஜாடிதான், நிரப்பினால் குலுங்க இடமிருக்காது. இரண்டாம் வருட முகாமுக்கு யாரோ இனிப்புக்காகப் பாலேடு கொண்டுவந்தார்களாம். அலை அலையாக இருக்கும் மண்பாதையில் ஒன்றரை மணி நேரம் குலுங்கி, வந்து திறந்தால் வெண்ணெய் திரண்டிருந்தது. இனிப்பு போனது. ஆனால் அன்றைக்கு ரொட்டிக்குத் தடவிச் சாப்பிட்டவர்கள் அதை மறக்கவில்லை. அதிலிருந்து வருடாவருடம் ஒரு வண்டிக்கு வெண்ணெய் பொறுப்பு. இந்த வருடம் எங்களுக்கு. மிகவும் குளிர்ந்திருந்தால் திரளாது, சூடாக இருந்தால் குழைந்துவிடும் என்பதால் ஐஸ் பெட்டிக்கு வெளியே ஈரத்துணி சுற்றி வைத்திருந்தேன். மகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மதியம் ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தபோது ஜாடியிலிருந்து 'தொப்' என்று வேறு ஒரு சத்தம். திரண்டுவிட்டது.

பிற்பகல் ஓடைக்கு வந்தோம். வருடாவருடம் இங்கே நடப்பதை நான் பார்த்திருக்கிறேன், யோசித்ததில்லை. தலைவரின் வண்டி கரையில் நிற்கும். கடைசி வண்டி அண்ணன் பின்னாலிருந்து பத்து வண்டிகளையும் கடந்து நடந்து வருவார், கையில் ஒரு கழி. பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கி, அக்கரை போய், வேறு தடத்தில் திரும்பி வருவார். ஆழம், அடியில் கல்லா சேறா, இழுப்பு எந்தப் பக்கம், எல்லாம் சொல்வார். பிறகுதான் முதல் வண்டி இறங்கும். அவர் மறுபடி தன் வண்டிக்கு நடந்து போவார். அதற்கு முன் ஒரு வண்டியும் தண்ணீரைத் தொடாது.

"முன்னாடி இருக்கிறவங்க இறங்கிப் பார்த்தா போதாதா?" என்றாள் மகள். நியாயமான கேள்வி.

இன்று முழங்காலுக்குச் சற்று மேலே தண்ணீர். நடந்து போகும் வேகத்தில், வண்டியின் மூக்குக்கு முன்னால் ஒரு அலை எழும்பி, அது முன்னே போக நாம் பின்னே போக வேண்டும். அந்த அலைக்குப் பின்னால் இன்ஜின் பக்கம் தண்ணீர் மட்டம் தாழ்ந்திருக்கும். வேகமெடுத்தால் அலை பானட் மேல் ஏறிவிடும், நின்றால் கலைந்து உள்ளே வரும். எல்லோரும் கடந்தோம். ஏறியதும் பிரேக்கை லேசாக அழுத்தி அழுத்தி ஈரத்தை விரட்டினேன்.

முகாம் இடம் 1,800 மீட்டர் உயரத்தில். வண்டிகளைக் காற்று வரும் பக்கம் வளைவாக நிறுத்தினோம், நடுவில் நெருப்பு. தரையைக் கருக்காமல் இரும்புத் தட்டில்தான் தீ மூட்டுகிறோம். இரவுச் சாப்பாடு எளிமை: வறுத்த வெங்காயமும் காளானும் போட்ட சூப், ரொட்டி. கரண்டி தலைவர் கையில். முதல் தட்டு கடைசி வண்டி அண்ணனுக்கு. இதுவும் வருடாவருடம் நடப்பதுதான். அவர் வாங்கி உட்காரும்வரை மற்றவர்கள் தட்டை நீட்டுவதில்லை.

சாப்பிட்ட பிறகு தலைவரிடம் கேட்டேன். அவர் ஆரம்பித்தது கிளப்பிலிருந்து இல்லை, ஜீப்பிலிருந்து! 1941இல் வில்லீஸ் ஜீப்புகள் போருக்குப் போனதும், படைவீரர்கள் சாப்பாட்டு டின்களை இன்ஜினின் மேனிஃபோல்டு என்ற சூடான குழாய்த் தொகுதி மேல் வைத்துச் சூடாக்கியதும், 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வெளிவந்ததும், 1953இல் கலிஃபோர்னியாவின் ஜார்ஜ்டவுனிலிருந்து ரூபிகான் என்ற மலைப்பாதை வழியே ஜீப்காரர்களின் கூட்டுப் பயணமான முதல் ஜீப் ஜாம்போரி கிளம்பியதும். இந்த மனிதருக்கு அதையெல்லாம் சொல்லும்போது முகம் அவ்வளவு மலரும். கடைசியில் எங்கள் கதைக்கு வந்தார்.

"பதினோரு வருஷம் முன்னாடி. ஒன்பது வண்டி. ஒருநாள் ஓட்டிட்டு ராத்திரி வீட்டுக்குப் போயிடறதா திட்டம். இதே ஓடை. ஒரு வண்டி நடுவுல நின்னுபோச்சு, இழுத்துக் கரையில போட்டோம். அதுக்குள்ள மேல மழை. வெள்ளம் ஏறி எல்லாரும் இந்தப் பக்கம் மாட்டிக்கிட்டோம். ரெண்டு ராத்திரி. செய்ய ஒண்ணுமில்ல, இருந்ததைப் போட்டுச் சமைச்சோம். நல்லா இருந்துச்சு. அடுத்த வருஷம் வேணும்னே வந்தோம்."

"முதல் தட்டு?"

"பகல் முழுக்க எல்லார் தூசியும் குடிச்சுட்டு வர்றவன் அவன். அவனுக்குத் தராம?"

"சங்கிலி?"

"அதெல்லாம் நம்ம சமையல் அக்காவைத்தான் கேக்கணும்."

மகள் தூங்கிவிட்டாள். தலைவிளக்கில் எழுதுகிறேன். வெண்ணெயை உப்பிட்டுத் துணியில் கட்டியாயிற்று. ஆக, வெள்ளத்தில் தொடங்கிய கதை.

சனி, இரண்டாம் நாள்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம், இரவு வந்து சொல்கிறேன். முதலில் சமையல். இன்று எழுத நிறைய இருக்கிறது.

விதிகள் மூன்றுதான். முன்பே சமைத்தது எதையும் கொண்டுவரக் கூடாது. வண்டிக்கு ஒரு பதார்த்தம், சீட்டுக் குலுக்கி முடிவாகும். யாரும் தங்கள் வண்டிக்குப் பின்னால் தனியாகச் சாப்பிடக் கூடாது. மூன்றாவது விதியை முன்பெல்லாம் நான் சும்மா கடந்து போயிருக்கிறேன்.

எனக்கு ரொட்டி. புளிக்க வைத்த தாய் மாவை நேற்றே பிசைந்து வண்டியில் வைத்திருந்தேன். ராத்திரிக் குளிரில் அது தூங்கிவிட்டது; காலை ஐந்து மணிக்குத் தொட்டுப் பார்த்தால் கல். வண்டியை வெயிலில் திருப்பி நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, மாவை டேஷ்போர்டில் வைத்தேன். பத்தரைக்குள் இரண்டு மடங்காகப் பொங்கியது. வெயிலில் நிற்கும் வண்டியைப் போல மாவு பொங்க வைக்கும் அறை வேறில்லை. கண் மட்டும் அதன் மேலேயே இருக்க வேண்டும், அதிகம் சூடானால் ஈஸ்ட் செத்துவிடும்.

வேக வைப்பது சட்டியில். கால் வைத்த அடி, தட்டையான மூடி, மூடியைச் சுற்றி விளிம்பு. அந்த விளிம்புக்குள் கங்கை அள்ளி வைக்கலாம், சாம்பல் உள்ளே விழாது. மேலும் கீழும் நெருப்பு கொடுத்தால் அதுவே அடுப்பறை. இரும்புச் சட்டியை மணல் அச்சில் மலிவாக வார்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி 1707இல் காப்புரிமை வாங்கினார். இந்தச் சட்டிகளின் பரம்பரை அங்கே போய்த் தொடும். எங்களுடையது 12 அங்குலம், மூடியோடு ஒன்பது கிலோ இருக்கும். கணக்கு எளிது: அங்குலத்துக்கு இரண்டு கரிக்கட்டி வீதம் 24 வைத்தால் உள்ளே ஏறத்தாழ 175 டிகிரி. ரொட்டிக்கு மேலே 16, கீழே 8. கீழே அதிகமானால் அடி தீய்ந்துவிடும். குழம்பாகக் கொதிக்க வேண்டியதற்கு நேர்மாறு, கீழேதான் அதிகம். ரொட்டிக்கு இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும், எனவே மேலே நாலைந்து கூடுதலாக வைத்தேன். கால்மணிக்கு ஒருமுறை சட்டியை ஒரு பக்கமும் மூடியை மறுபக்கமும் கால்வட்டம் திருப்பினால் ஒரே சீராகச் சிவக்கும். ரொட்டியைத் தட்டிப் பார்த்தபோது உள்ளே வெற்றுப் பானை போல ஒலித்தது. அந்தச் சத்தத்துக்காக இன்னும் நாற்பது முட்டை டப்பாக்களைச் சுமப்பேன்.

இன்னொரு வண்டிக்கு முழுக் கோழி. அந்தத் தம்பி இதில் புதியவர், ஈரக் கோழியை அப்படியே சட்டியில் வைக்கப் போனார். சமையல் அக்கா கையைப் பிடித்தார். "தண்ணி இருக்கிறவரைக்கும் 100 டிகிரியைத் தாண்டாது தம்பி. 140 தொட்டாத்தான் சிவக்கும். முதல்ல துடை." 1912இல் லூயி கமீ மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து பழுப்பாவதை எழுதினார். ரொட்டியின் மேல்தோல் மணம், வறுத்த இறைச்சியின் மணம் எல்லாம் அதன் வழி வருவதுதான். அக்காவுக்கு அந்தப் பெயர் தெரியும். நாற்பது வருடம் உணவகச் சமையல்கூடங்களில் நின்றவர். தம்பி கோழியைத் துடைத்து, உப்பிட்டு, காற்றில் ஒரு மணி நேரம் உலரவிட்டார். வெந்ததா என்று தொடையின் தடித்த இடத்தில் வெப்பமானி குத்திப் பார்த்தோம்; 74ஐத் தாண்டிய பிறகுதான் இறக்கினோம்.

சங்கிலிச் சட்டி அக்காவுடையது. அதில் சீட்டே கிடையாது, எப்போதும் ஒரே பதார்த்தம்: கூட்டுக் குழம்பு. ஒவ்வொரு வண்டியிலிருந்தும் ஏதோ ஒன்று அதற்குள் போக வேண்டும். பத்து மணிக்கே வெங்காயத்தை ஆரம்பித்துவிட்டார். முக்கால் மணி நேரம் வெங்காயம் மட்டும், நாலே நாலு கங்கில். பிறகு இறைச்சித் துண்டுகளைத் தனித்தனியாக, ஒன்றையொன்று தொடாமல் சிவக்க வைத்தார். பிறகு காரட், உருளை, பூண்டு, ஊற வைத்த பீன்ஸ். இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். 300 மீட்டர் ஏற ஏற ஒரு டிகிரி குறையும். பீன்ஸ் வேக வீட்டில் ஆவதைவிட வெகுநேரம் பிடிக்கும். அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் தண்ணீர் வற்றுமே தவிர சூடு ஏறாது. எனவே அக்கா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். மகள் காரட் சீவிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளமா? அவரு அப்படித்தான் சொல்லுவாரு" என்றார் அக்கா. "வெள்ளம் மறுநாள் காலையிலயே வடிஞ்சிருச்சு. எட்டு வண்டியும் போயிருக்கலாம்."

இதுதான் திருத்தம். எட்டு வண்டிகளும் போகவில்லை. ஒரு வண்டியின் இன்ஜின் செத்துக் கிடந்தது. இழுவை வண்டி வர இன்னொரு நாள் ஆகும் என்று தெரிந்தது. அந்தக் குடும்பத்தை மட்டும் விட்டுவிட்டுப் போவதா என்று பேசி, ஒவ்வொருவராக இருந்துவிட்டார்கள்.

அக்கா அன்று விருந்தாளி. தங்கையின் வண்டியில் சும்மா வந்தவர். ஊர் மாறுவதால் சட்டி சாமான்களெல்லாம் பின்னால் கிடந்தன. முதல் நாள் மாலை வண்டியிலிருந்து இறங்கிப் பார்த்தது அவருக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "ஒன்பது வண்டி, ஒன்பது கதவு திறந்திருக்கு. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாடியும் ஒரு குடும்பம் முதுகைக் காட்டிக்கிட்டு டின்னைப் பிரிக்குது. பானட்டைத் திறந்து இன்ஜின் மேல டின்னை வச்சுச் சூடு பண்றாங்க. கிளப்புன்னு பேரு, யார் என்ன சாப்பிடுறாங்கன்னு யாருக்கும் தெரியாது."

கதவு கதவாகப் போய்க் கேட்டாராம். என்னென்ன கிடைத்தது என்பது அவருக்கு இன்றும் மனப்பாடம்: எட்டு வெங்காயம், ஒரு பை உருளைக்கிழங்கு, பீன்ஸ் டின் நான்கு, தக்காளி டின் இரண்டு, உறைந்த ஆட்டிறைச்சி ஒரு பொட்டலம், பாதி வதங்கிய காரட், ஒரு முழுப் பூண்டு, மிளகு. கடைசி வீட்டில், கடைசி வண்டியில் என்று சொல்ல வேண்டும், ஒரு ஆப்பிள் மட்டும். அதையும் வாங்கிக் குழம்பில் சீவிப் போட்டார்.

"1870இல பிரான்ஸ்ல மெட்ஸ் கோட்டையை முற்றுகை போட்டப்ப எஸ்காஃபியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் உள்ளே சமையல்காரரா இருந்தாரு. ஆடு மாடு தீர்ந்து குதிரைக் கறி சமைச்சாரு. அவ்வளவு பெரிய சமையல்காரர் ஆனவர் அங்கதான் கத்துக்கிட்டாருன்னு என் முதல் முதலாளி சொல்லுவாரு. எனக்கு அன்னிக்கு வேற யாரும் ஞாபகம் வரல" என்றார்.

அன்று இரவு முப்பது பேர் ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்டார்கள். மறுநாள் இரவும். இரண்டாம் இரவு, "அடுத்த வருஷம் நான் ஒழுங்கான கறி கொண்டு வர்றேன்" என்று ஒருவர், "அப்ப நான் ரொட்டி" என்று இன்னொருவர். விருந்து முகாமுக்கு நாள் குறித்தது அப்படித்தான்.

"சங்கிலி, ஆன்ட்டி?" என்றாள் மகள், காரட்டிலிருந்து தலை நிமிராமல்.

அக்கா மூடியைத் திறந்து ஒருமுறை கிளறினார். "கம்பி பிஞ்சுபோச்சு. ஒருத்தர் சரி பண்ணிக் குடுத்தாரு" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

மாலை விருந்து. நீளமாக மூன்று மேசைகளைச் சேர்த்துப் போட்டு வெள்ளைத் துணி விரித்தோம். முதலில் சங்கிலிச் சட்டி. ஏழு மணி நேரம் வெந்த குழம்பில் கரண்டியை விட்டால் இறைச்சி தானாக நாராகப் பிரிகிறது. அடியில் எங்கேயோ ஒரு ஆப்பிளின் இனிப்பு. இப்போதும் அந்த ஒற்றை ஆப்பிளைப் போடுகிறார். ரொட்டி, நேற்றைய பாதையில் திரண்ட வெண்ணெய். கோழியின் தோல் கண்ணாடி போல நொறுங்கியது. அந்தத் தம்பி தன் தட்டைத் தொடாமல் மற்றவர்கள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கங்கில் சுட்ட மீன், சாம்பலில் புதைத்த கிழங்கு, மூடிபோட்ட சட்டியில் வெந்த பழ இனிப்பு. முதல் தட்டு வழக்கம்போலப் போனது. இன்று அது போகும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவர் எழுந்து, மேசை முழுக்கச் சுற்றி, தன் கையாலேயே கொண்டுபோய் வைத்தார். அண்ணனும் எழுந்து நின்று வாங்கினார்.

தூசிக்காக இவ்வளவா?

ஞாயிறு, மூன்றாம் நாள்

காலை வேலைகள் சீக்கிரம் முடிந்தன. கங்கில் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையால் தொட்டுப் பார்த்தோம். சூடு தெரிந்தால் அணையவில்லை. பாத்திரம் கழுவிய நீரை வடிகட்டி, ஓடையிலிருந்து 60 மீட்டருக்கு அப்பால் பரவலாக வீசினோம். வடிகட்டியில் நின்றது குப்பைப் பையில். சட்டிகளுக்குச் சோப்பு போட்டு ஊற வைக்காமல் சூடான நீரில் தேய்த்து, நெருப்பில் காட்டி உலர்த்தி, எண்ணெயை மிக மெல்லிசாகத் தடவினோம்.

திரும்பும் வழியில் எழுத ஒன்றுமில்லை. ஓடையில் தண்ணீர் குறைந்திருந்தது. அப்படியும் அண்ணன் இறங்கி நடந்தார்.

தார்ச்சாலை வந்ததும் எல்லோரும் காற்றை ஏற்ற வேண்டும். 20இலிருந்து 35க்குச் சின்ன கம்ப்ரெஸரில் டயருக்கு நாலைந்து நிமிடம். எங்களுடையது பாதியில் நின்றுவிட்டது, எனவே கடைசியில் மிஞ்சியவர்கள் நாங்களும் அவரும். அவருடைய கம்ப்ரெஸரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் குத்தவைத்தார். நான் கேட்கவில்லை. மகள்தான் கேட்டாள்: "மாமா, நீங்கதானே அந்தச் சங்கிலியைப் போட்டீங்க?"

அவர் கொஞ்ச நேரம் அளவுமானியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு ரெண்டாவது வண்டி என்னோடது" என்றார். "தலைவர் கடந்துட்டாரு. இறங்கி நடந்து பாருன்னு வயர்லெஸ்ல சொன்னாரு. அவர் போன வழிதானேன்னு நான் வேகமா விட்டேன். வண்டி வாங்கி நாலு மாசம். பின்னாடி ரெண்டு பிள்ளைங்க, அப்பா எப்படி ஓட்டுறாருன்னு பாக்கட்டும்னு ஒரு நினைப்பு. தண்ணி பானட் மேல வந்துச்சு. காத்து போற குழாய் வழியா உள்ள போயிருச்சு. டீசல் இன்ஜின். காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. பிஸ்டன் மேல வர்றப்ப இடமில்ல. பிஸ்டனைப் பிடிச்சிருக்கிற கனெக்டிங் ராடு வளைஞ்சுபோச்சு. அப்பவாவது விட்டிருக்கணும். இன்ஜெக்டரைக் கழட்டி, இன்ஜினைச் சுத்தி விட்டுத் தண்ணியை வெளியேத்தணும். நான் சாவியைத் திருகினேன். திரும்பத் திரும்பத் திருகினேன். இருந்ததும் போச்சு."

கரைக்கு இழுத்துப் போட்ட பிறகு தலைவர் கத்தியிருக்கிறார். பிள்ளைகளுக்கு முன்னால், எட்டு குடும்பங்களுக்கு முன்னால். எல்லார் வண்டியும் இவனால இங்க மாட்டிக்கிச்சு என்று. அண்ணன் வண்டிக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மனைவியும் பிள்ளைகளும் மற்றவர்களோடு இருந்தார்கள். இருட்டியும் அவர் இறங்கவில்லை. சாப்பிடக் கூப்பிட வந்த இரண்டு பேருக்குப் பசிக்கவில்லை என்றார். ஒரு அம்மா ஏதாவது இருக்கா என்று வந்து கேட்டபோது, அரை அங்குலம் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, பிறகு கதவைத் திறந்து கையிலிருந்த ஆப்பிளைக் கொடுத்தார்.

"கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே மறுபடி வந்து கண்ணாடியைத் தட்டினாங்க. சாப்பிட வாங்கன்னு சொல்லல. 'தம்பி, சட்டிக் கம்பி பிஞ்சுபோச்சு, முப்பது பேர் சாப்பாடு அடுப்புல இருக்கு, இறக்க முடியல. உங்ககிட்ட டூல்ஸ் இருக்குமா?'ன்னு கேட்டாங்க. இறங்கித்தானே ஆகணும். கூரைக் கேரியர்ல இருந்த சங்கிலியை வெட்டினேன், ரெண்டு ஷேக்கிள் மாட்டினேன். தலைவர் டார்ச் பிடிச்சாரு. அவரும் பேசல, நானும் பேசல. சட்டியை நாங்க ரெண்டு பேருமாத்தான் இறக்கினோம். அவங்க கரண்டியை அவர் கையில குடுத்தாங்க. முதல் தட்டை அவர் போட்டு என்கிட்ட நீட்டினாரு."

கம்ப்ரெஸர் ஓடிக்கொண்டிருந்தது. 31, 32.

"அடுத்த வருஷம் அவங்க சாமான் பெட்டியை நான்தான் இறக்கினேன். அடியில அந்தக் கம்பி கிடந்துச்சு. நல்ல கம்பி. எங்கயும் பிய்யல, வளையல. கழட்டி எடுத்து வச்சிருக்காங்க."

"அக்காகிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

"இல்ல."

இதை எழுதலாமா என்று கேட்டேன். தலைவரிடம் வெள்ளம், அக்காவிடம் பிய்ந்த கம்பி என்று பதினோரு வருடமாக இரண்டு பேரும் இவரைக் காத்து நின்றிருக்கிறார்கள். நான் போட்டு உடைப்பது சரியா என்று தெரியவில்லை. அவர் எழுந்து கம்ப்ரெஸர் குழாயைச் சுற்றினார். "எழுதுங்க. எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியட்டும். நேர்ல சொன்னா அழுதிருவேன்."

பிறகு தன் வண்டியிலிருந்து சங்கிலிச் சட்டியை எடுத்து எங்கள் வண்டியில் ஏற்றினார். அது வருடம் ஒரு வீட்டில் இருக்கும். துரு ஏறாமல் பார்த்துக்கொள்வது அந்த வீட்டின் பொறுப்பு. இந்த வருடம் எங்களுக்கு என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாராம்.

வீடு வந்து சேர ஒன்பது மணி. சட்டியில் மலையின் ஈரம் கொஞ்சம் ஏறியிருந்தது. அடுப்பில் காயவைத்து எண்ணெய் தடவினேன். சூட்டில் அந்த எண்ணெய் காய்ந்து கெட்டியான படலமாக ஒட்டிக்கொள்ளும். தடிமனாகத் தடவினால் பிசுபிசுக்கும். காது இரண்டையும் துடைக்க ஷேக்கிளைக் கழற்ற வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மகள் துணியின் நுனியை முறுக்கி, சங்கிலி வளையங்களுக்கு நடுவில் விட்டுக் கழற்றாமலேயே துடைத்துவிட்டாள்.